முதலில் நீங்கள் டிம் பண்ணுங்கள்!

இரவுப் பயணத்தில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைப் பறிப்பதைப் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை ஏராளம். எனவே இந்த இதழின் பதில்கள் அத்தனையும் ஹெட்லைட்டுக்கே.

எதிரே வருகிறவன் டிம் பண்ணவே மாட்டேன் என்கிறான். நானும் ஹை பீம் போட்டு அவனுக்குப் புத்தி புகட்டுகிறேன். தப்பா?
*– கார் ஓட்டும் வாசகர், ஒட்டன்சத்திரம்*

தப்புதான். அதுவரை ஒருவருக்குத்தான் கண் தெரியவில்லை. நீங்கள் புத்தி புகட்டியதும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். கூசிய கண் தெளிய மூன்று வினாடி ஆனால், அதற்குள் 50 மீட்டர் போயாயிற்று. எதிரே வருகிறவரும் அதே வேகத்தில் 50 மீட்டர் வந்திருப்பார். அந்த நூறு மீட்டருக்குள் டைனமோ விளக்கில்லாத ஒரு சைக்கிள்காரர் போய்க்கொண்டிருந்தால், அவரைப் பார்க்க யாருமே இல்லை.

பாஸ் லைட்டை ஒரே ஒரு முறை அடித்துக் காட்டுங்கள். கேட்கவில்லையா, விடுங்கள். நீங்கள் டிம்மிலேயே இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எதிர் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். கோடு இல்லாத சாலையென்றால் தார் முடிகிற விளிம்பைப் பாருங்கள்.

எனக்கு 62 வயது. முன்பு இவ்வளவு கூசாது. கோளாறு என் கண்ணிலா, அவர்கள் விளக்கிலா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

இரண்டிலும். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மெல்லக் கலங்குகிறது. எதிர் வெளிச்சம் நேராக உள்ளே போகாமல் சிதறி, தூசி படிந்த ஜன்னலில் வெயில் அடித்தது மாதிரி எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. கண்புரை தொடங்கும்போது பகலில் செய்தித்தாள் படிப்பதில் சிரமமே தெரியாமல் இருக்கலாம். இரவில் மட்டும் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரியும். மருத்துவர் முன்னால் எழுத்துப் பலகையைக் கடகடவென்று வாசித்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். “ராத்திரி வண்டி ஓட்டும்போது கூசுகிறது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விளக்கும் மாறித்தான் இருக்கிறது. பழைய ஹாலஜன் மஞ்சள் கலந்த வெளிச்சம். எல்.இ.டி. நீலம் கலந்த வெள்ளை. அது கண்ணை அதிகமாக உறுத்துகிறது. போதாக்குறைக்கு வண்டிகளும் உயர்ந்துவிட்டன. பெரிய எஸ்.யூ.வி.யின் விளக்கு, சின்னக் காரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது.

இரவில் ஓட்ட மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, வாங்கலாமா?
*– வாசகி, ஈரோடு*

வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிலையத்தினர் இதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். மஞ்சள் கண்ணாடி போட்டவர்களால் சாலையில் நடப்பவர்களை முன்னைவிடச் சீக்கிரமாகக் கண்டுகொள்ள முடியவில்லை. எந்த நிறக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும். இருட்டில் நமக்குப் பற்றாக்குறையே அதுதான். அந்தக் காசுக்கு ஒரு நல்ல துணி வாங்கி, முன் கண்ணாடியை உள்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். உள்பக்கத்து எண்ணெய்ப் படலமும் கூச்சத்துக்கு ஒரு காரணம்.

கடையில் எல்.இ.டி. பல்ப் வாங்கி மாட்டினேன். ரோடு பகல் மாதிரி இருக்கிறது. என் காசு, என் கார். இதில் என்ன குற்றம்?
*– இளைஞர், கோவை*

கார் உங்களுடையது. எதிரே வருகிறவரின் கண் உங்களுடையது அல்லவே!

கழற்றிப் போட்ட பழைய ஹாலஜன் பல்பை எடுத்து உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் எச்4 வகையாக இருக்கும். உள்ளே இரண்டு கம்பியிழைகள்: ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. டிம் இழைக்கு அடியில் கரண்டி வடிவத்தில் ஒரு குட்டித் தகடு தெரியும். கீழ்ப்பக்கம் போகிற வெளிச்சத்தை அது தடுக்கிறது. தடுக்காவிட்டால் அந்த வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் அடிப்பாதியில் பட்டு மேல்நோக்கிப் பாயும். அதாவது, எதிரே வருகிறவரின் முகத்துக்கு. இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத்தான் அந்த ரிஃப்ளெக்டரையே வடிவமைக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குள் வேறு உருவத்தில், வேறு இடத்தில் ஒளிரும் எல்.இ.டி.யைத் திணித்தால் வெளிச்சம் கண்டபடி சிதறுகிறது. கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வரும் காரில் கூடும் லென்ஸும் அதற்கென்றே செய்யப்பட்டவை. அது வேறு, இது வேறு.

“பகல் மாதிரி” என்கிறீர்களே, அதில்தான் எனக்குப் பயம். வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று இருக்கும். உங்கள் கண் அந்தப் பளிச்சுக்குப் பழகிவிடும். அதற்கு அப்பால் இருட்டில் சாலையைக் கடப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். உங்கள் விளக்கு உங்களையே ஏமாற்றுகிறது.

சட்டமும் சும்மா இல்லை. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி. அனுமதியில்லாத மாற்றம் செய்தால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பழைய பல்பைத் திருப்பி மாட்டுங்கள்.

டிம்மில்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் பாஸ் அடித்துத் திட்டுகிறார்கள். ஏன்?
*– வாசகர், நாகர்கோவில்*

டிக்கி நிறைய சாமான், பின் சீட்டில் மூன்று பேர். சரிதானே? பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். டிம் வெளிச்சமும் கூடவே மேலே ஏறும். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னக் குமிழ் பல கார்களில் இருக்கிறது. வாங்கியதிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். சுமைக்குத் தக்கபடி திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். இறங்காவிட்டால் சமதரையில் ஒரு சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்தைவிடச் சுமார் பத்து சென்டிமீட்டராவது தாழ்வாக விழ வேண்டும். இடது ஓரம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும்; நடைபாதையில் போகிறவரைக் காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்துவிடுவார்.

நான்குவழிச் சாலையின் நடுவே ஏன் அரளியாகப் பார்த்து நடுகிறார்கள்?
*– பள்ளி மாணவி, விழுப்புரம்*

எதிர் வண்டிகளின் வெளிச்சத்தை மறைக்க. ஆளுயரம் வளரும், அடர்த்தியாக இருக்கும், வறட்சி தாங்கும். விஷச்செடி என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. பூவுக்காக மட்டும் வைத்ததில்லை, கண்ணுக்கும் காவல்.

பிரான்ஸில் எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் விளக்காமே?
*– வாசகர், புதுச்சேரி*

இருந்தது. 1936-இல் சட்டமாக்கினார்கள். ஐரோப்பாவுக்குப் பொது விதி வந்ததும் 1993-இல் விட்டுவிட்டார்கள்.

முன்பெல்லாம் போலீஸார் ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதை மறுபடியும் செய்தால் என்ன?
*– ஆட்டோ ஓட்டுநர், மதுரை*

செய்யலாம். ஆனால் போதாது. ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும்; தப்பான கோணத்தைத் திருத்தாது. உங்கள் ஆட்டோவை எஃப்.சி.க்குக் கொண்டுபோகிறீர்கள், விளக்கைப் பார்க்கிறார்கள். சொந்தக் காருக்கோ பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை அந்தப் பரிசோதனை கிடையாது. இடையில் எந்த பல்பை மாட்டினாலும் அளந்து பார்க்க ஆளில்லை. புகைச் சான்றிதழுக்கு மட்டும் தவறாமல் போகிறோம். அதே இடத்தில் விளக்கின் கோணத்தையும் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் உறுதியான கருத்து.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறோம். ராத்திரியில் வண்டி வெளிச்சம் எங்களுக்குத்தானே நல்லது?
*– பாதயாத்திரைக் குழுவினர், காரைக்குடி*

இல்லை. உங்களுக்குப் பின்னால் ஒரு வண்டி, முன்னால் ஒரு வண்டி, இரண்டிலும் ஹை பீம் என்றால் நடுவில் நடக்கிற நீங்கள் இரண்டு ஓட்டுநர்களுக்கும் தெரியமாட்டீர்கள். வெளிச்சத்தில் நிற்கிறோம், நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்று நம்பிச் சாலைக்குள் இறங்கிவிடாதீர்கள். வலது ஓரமாக, வண்டிகளைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் நடங்கள். போலீஸார் தரும் ஒளிரும் பட்டையை முதுகுப் பையில் மட்டுமல்ல, மார்பிலும் ஒட்டிக்கொள்ளுங்கள். வரிசையின் முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் டார்ச் இருக்கட்டும். அதைத் தரைக்குப் பிடியுங்கள்.

ஓட்டுநர்களே, தை மாதத்தில் திண்டுக்கல், நத்தம், ஒட்டன்சத்திரம் சாலைகளில் இரவில் வருகிறீர்களா? டிம் போட்டு, வேகத்தை 40-க்குக் கீழே கொண்டுவந்து, ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறார்கள்.