பீங்கானைக் குளிப்பாட்டிப் பார்க்கவும்

விருத்தாசலத்துக்குப் பீங்கான் வாங்க வருகிறவர்களிடம் ஆய்வுக்கருவிகள் இரண்டு உண்டு: ஆள்காட்டி விரல், உள்ளங்கை. சுண்டினால் ‘ணங்’ என்றால் நல்ல சரக்கு, தூக்கினால் கனத்தால் கெட்டிச் சரக்கு. சுண்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். விரிசல் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். கனத்தை நம்புவதில்தான் வம்பு. தடியாக வார்த்த மட்டமான கோப்பை, மெல்லிசாக வார்த்த உயர்ந்த கோப்பையைவிடக் கனமாகத்தான் இருக்கும். சூளையில் நடந்ததைக் கனம் சொல்லாது, அடர்த்திதான் சொல்லும். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணானாலும் சரி, வேறு மண்ணானாலும் சரி, சூட்டில் நுண்துளைகள் அடைபட அடைபடச் சுருங்குகிறது. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் கனஅளவில் 27 சதவீதம் காணாமல் போகும். விறகுக்கும் வாயுவுக்கும் கணக்குப் பார்த்துச் சூளையைச் சீக்கிரம் அணைத்தால் துளைகள் அப்படியே நிற்கும், அடர்த்தி குறையும்.

எடைக்குத் தராசு இருக்கிறது, கனஅளவுக்கு எங்கே போவது என்பார்கள். நியாயந்தான். உருளைக்கும் கூம்புக்கும் பள்ளிக்கூடத்தில் சூத்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். துதிக்கை வளைந்து, தொப்பை சரிந்து, மோதகம் ஏந்திய பிள்ளையார் பொம்மைக்கு எவரும் சொல்லித்தரவில்லை. தண்ணீருக்குச் சூத்திரம் வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பிள்ளையாரை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முங்கும்படி பிடியுங்கள். தராசு 100 கிராம் காட்டினால் கனஅளவு 100 கன சென்டிமீட்டர். உலர்ந்த எடை 240 கிராம் என்றால் அடர்த்தி 2.4, நன்றாக வெந்த பீங்கானுக்கு அந்த அளவு இருக்கும். பொம்மையின் அடியில் ஓட்டை உண்டு, உள்ளே காற்று தங்காமல் சாய்த்து முக்கவேண்டும். தத்துவம் ஆர்க்கிமிடீஸ் உடையது. அவர் குளியல் தொட்டியிலிருந்து அம்மணமாக ஓடிய கதையை எழுதிவைத்த விட்ருவியஸ் சுமார் இருநூறு வருஷம் பிந்தியவர். ஆகவே ஓட்டத்துக்கு நான் ஜவாபில்லை.

விவரம் தெரிந்தவர்களின் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. துளையுள்ள பொருள் தண்ணீரைக் குடித்துவிடுமே, சாம்பாரில் விழுந்த இட்லியைப் போல? குடிக்கும். ரொட்டிக்காரர்கள் அதனால்தான் தண்ணீரை விட்டுவிட்டுக் கடுகு இனத்து விதைகளைக் கொட்டி ரொட்டியின் கனஅளவை அளக்கிறார்கள். பீங்கான்காரர்களோ குடிக்கிறாயா, வயிறு முட்டக் குடி என்று விட்டுவிடுகிறார்கள். செராமிக் படித்தவர்களுக்கு இது பழக்கமான சோதனை: உலர்ந்த துண்டை எடைபோட்டு, 5 மணி நேரம் கொதிக்கவைத்து, 24 மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஓர் எடை, மேலே துடைத்து இன்னோர் எடை. கடைசி இரண்டின் வித்தியாசம் கனஅளவு. குடித்த தண்ணீரை உலர்ந்த எடையோடு ஒப்பிட்டால் துளையின் கணக்கும் இலவசமாகக் கிடைக்கும். போர்சலின் தரை ஓடு 0.5 சதவீதத்துக்குமேல் குடிக்கக்கூடாது என்பது விதி.

காபி குடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் மின்கம்பத்தைப் பார்க்கட்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் பீங்கான் மழையைக் குடித்தால் மின்சாரம் வழி தேடிக்கொள்ளும். கோப்பையில் மேல்பூச்சு வெடித்தால் பால் உள்ளே போய்க் கறையாகத் தங்கும். அதுவும் போதாதென்றால் கார்த்திகைக்கு வாருங்கள். புது மண் அகலை முதல்நாளே தண்ணீரில் போட்டால், சுற்றிலும் பொடிக் குமிழிகள் சரம்சரமாகக் கிளம்பும். துளைகளிலிருந்து காற்று வெளியேறுகிறது. ஊறப்போடச் சொன்ன பாட்டிமார் எந்த டிப்ளமோவும் படிக்கவில்லை, ஆனால் சோதனையில் பாதியை முடித்துவிட்டார்கள். மீதிப் பாதியை நீங்கள் செய்யுங்கள்: ஊறுமுன் ஒரு எடை, ஊறித் துடைத்தபின் ஒரு எடை. 40 கிராம் அகல் 46 ஆனால், ஒவ்வொரு அகலும் திரிக்குப் போகவேண்டிய எண்ணெயில் ஒரு தேக்கரண்டிக்குமேல் தன் வயிற்றுக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தது என்று அர்த்தம். நல்லெண்ணெய் விற்கிற விலைக்கு, தராசு வாங்கிய காசு சில கார்த்திகைகளில் திரும்பிவிடும்.