ஏரிக்கரை எண்ணுநர் இலக்கணம்

பறவைகளை வகைப்படுத்தும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1758-ல் லின்னேயஸ் தொடங்கிவைத்த அடுக்கில் வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது. பாக்கி இருப்பது அந்தப் பறவைகளை எண்ணுகிறவர்களை வகைப்படுத்தும் வேலைதான். அவர்களையும் சேர்த்து மனிதர் அத்தனை பேருக்கும் ஹோமோ சேப்பியன்ஸ் என்று ஒரே சிற்றினப் பெயரை எழுதிவிட்டு லின்னேயஸ் அடுத்த விலங்குக்குப் போய்விட்டார். பொங்கல் லீவில் விடியுமுன் மங்கி குல்லாவும் பைனாகுலருமாகக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நிற்கிறவரும், அதே நேரத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற அவருடைய மைத்துனரும் ஒரே இனம் என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? சேலம், நாமக்கல் சமவெளியை எல்லையாக வைத்து அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இந்நூல். பறவைக் கணக்கைப் படிக்குமுன் கணக்கெடுத்தவர் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இதன் துணிபு.

மரபுப்படி முதலில் நிலம். வண்டி போகாத பாதையே எண்ணுநரின் திணை. பிரிட்டனில் ரயில் நின்றுபோன தடங்களைச் சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய பாதைகளாக மாற்றியிருக்கிறார்கள். பிரிஸ்டலிலிருந்து பாத் நகருக்குப் போகும் பாதை அப்படி 1979 முதல் 1986 வரை போடப்பட்டது. அத்தகைய பாதையோரங்களில் தன்னார்வலர்கள் பூவையும் பூச்சியையும் பறவையையும் குறித்துக்கொண்டே நடக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமமில்லை. நம் முன்னோர் தண்ணீரைத் தேக்குவதற்காகப் பள்ளத்துப் பக்கம் மண்ணைக் கொட்டி உயர்த்திய ஏரிக்கரை இருக்கிறது. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து பரமத்திவேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் பாயும் ராஜா வாய்க்காலின் கரை இருக்கிறது. 'வண்டி போகாத' என்பதற்கு மட்டும் உரை வேண்டும். பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியாகாது என்பது இப்பகுதி வழக்கு. அது மாட்டின் நீட்சி.

அடுத்து பொழுது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் மார்கழி, தை, மாசி பெரும்பொழுது. வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம் சிறுபொழுது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், நடக்கலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்ததை எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பிப்ரவரியில் உலகமே சேர்ந்து எண்ணும் நான்கு நாட்கள் தனி. வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் நீர்ப்பறவைக்கு ஒரு கட்டம், நிலப்பறவைக்கு ஒரு கட்டம். அதில் டீயும் தொப்பியும் சில இடங்களில் சான்றிதழும் உண்டு. சான்றிதழ் உள்ள நாளில் எண்ணுநர் தொகை பெருகும். வலசை வருவது பறவை மட்டுமில்லை.

நிலமும் பொழுதும் முடிந்தன. இனி உயிர்.

கரைமேல் நடக்கும் உயிர் இருவகைப்படும்: சர்க்கரைக்காக நடப்பது, பறவைக்காக நடப்பது. முன்னது வேகமானது, நிமிர்ந்தது, கைவீசுவது, செல்போனில் பழைய பாட்டைச் சத்தமாக வைப்பது. பின்னது மெதுவானது, திடீரென்று நிற்பது, நின்றால் பின்னால் வருகிறவர் வந்து மோதுவது. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று முன்பு கருதப்பட்டது. அப்படியில்லை என்பதற்குச் சான்று உண்டு. ஒருநாள் முதலாவது இரண்டாவதிடம், 'என்ன சார் பாக்கறீங்க?' என்று கேட்கும். பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைக்கும். கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. அதோடு சரி, டாக்டர் சொன்ன 40 நிமிட நடை இரண்டு மணி நேரமாகிவிடும், நடந்த தூரம் கால் கிலோமீட்டராகிவிடும். சர்க்கரை அளவு பற்றி இந்நூல் பேசாது.

பறவைக்காக நடப்போருள் முதல் வகை அபூர்வர். எல்லோரும் பார்ப்பதை இவர் பார்ப்பதில்லை. கரையில் ஏறியதும், 'புதுசா ஏதாச்சும் வந்திருக்கா?' என்பார். இல்லையென்றால் முகம் விழும். இருக்கிறதென்றால் அது நிற்கும் புதர் வரைக்கும் ஓட்டம். வழியில் இருந்த நாமக்கோழி, முக்குளிப்பான், மடையான், நீர்க்காகம் எதுவும் அவர் பட்டியலில் ஏறாது. மாவட்டத்துக்குப் புதிய பறவைகளைக் கொண்டுவந்து சேர்ப்பவர் இவர்தான் என்பதால் ஊரில் மதிப்பு அதிகம். ஆனால் இவருடைய பட்டியல்களை மட்டும் வைத்து ஏரியை மனத்தில் வரைந்தால், காக்கையே இல்லாத ஓர் ஏரி கிடைக்கும்.

காக்கையைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பட்டியலை அனுப்பும்போது ஈபேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எழுதியிருக்கிறீர்களா? எண்ணுநர் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். 'ஆம்' என்றால் பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணிலோ காதிலோ படவில்லை என்று பொருள். எழுதாததும் அப்போது தரவாகிறது. 'இல்லை' என்றால் எழுதாததற்குப் பொருளே கிடையாது. காக்கை, மைனா, மாடப்புறா மூன்றையும் 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று விட்டுவிட்டு, கேள்விக்கு மட்டும் 'ஆம்' என்று தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களை நூல் பொய்ம்முழுமையர் என்று அழைக்கும்.

இதில் என்ன கெட்டுவிடும் என்பவர்களுக்குப் பாறுக் கழுகுகளின் கதை உண்டு. செத்த மாட்டைச் சுற்றிப் பாறுகள் கும்பலாக இறங்கிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காக்கையைப் போலவே அவையும் எங்கும் இருந்தன. ஆகவே பெரும்பாலான ஊர்களில் யாரும் எழுதவில்லை. 1990-களில் அவை விழுந்தபோது அது தெரியவந்த இடங்களில் முக்கியமானது ராஜஸ்தானின் பரத்பூர். அங்கே 1980-களிலேயே எண்ணி வைத்திருந்தார்கள், அதனால் குறைந்ததைக் காட்ட முடிந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று 2004-ல் உறுதியானது. 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போய்விட்டிருந்தது. நம் ஊரில் எப்போது நின்றது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் எமர்ஜென்சிக்கு முன் என்பார், இன்னொருவர் தன் தங்கை கல்யாணத்துக்கு அப்புறமும் பார்த்ததாகச் சொல்வார். இரண்டையும் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஆகவே நூலாசிரியர் முதலிடம் கொடுப்பது அபூர்வருக்கு அல்ல, அன்றாடருக்கு. அன்றாடர் என்பவர் ஒரே கரையில், ஒரே மதகிலிருந்து ஒரே மதகு வரை, வாரம் தவறாமல் நடந்து, 'வீட்டுக் காக்கை 14, மடையான் 9, ஆள்காட்டி 4' என்று எழுதுகிறவர். அவரோடு ஒருமுறை போனவர்கள் மறுமுறை போவதில்லை. அவ்வளவு சலிப்பு. பிரிட்டனில் 1976-ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பு இந்தச் சலிப்பையே விதியாக்கியது. குறித்த பாதை, சீரான நடை, இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அதற்கு வெளியே எவ்வளவு அழகான பூச்சி பறந்தாலும் கணக்கில் வராது. பக்கத்தில், கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்களே நடந்து ஒரு பறவை வரைபடத் தொகுப்பை முடித்தார்கள். அதன் பலமும் இதுதான்: சீட்டில் விழுந்த கட்டம் ரப்பர் தோட்டமானாலும் கடைத்தெருவானாலும் அங்கே போய் நிற்பது.

எண்ணும் முறையால் வரும் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து எண்ணுகிறவர் பத்தடுக்கர், நம்பத்தக்கவர். 'ஒரு நூறு போட்டுக்கப்பா' என்பவர் தோராயர். கல்யாண வீட்டில் இலை எண்ணிப் பழகியவர். எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ் என்று இடுகிறவர் கைவிட்டவர். லென்ஸ் தூக்கி வருகிறவர் படத்தர். படத்தில் விழாத பறவை அவரைப் பொறுத்தவரை பிறக்கவேயில்லை. செவியர் புதரைப் பார்க்காமலே பெயரைச் சொல்வார். அவருடைய போலி, செல்போனில் குரலைக் கேட்டுப் பறவைப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை ஓடவிட்டு அது காட்டும் பெயரையெல்லாம் எழுதிக்கொள்பவர். கரிச்சான் பிற பறவைகளைப் போலக் கத்திக் காட்டும் என்பது அவருக்கும் தெரியாது, சில வேளை செயலிக்கும் தெரியாது.

வெளிச்சம் வாய்த்தவரும் வாய்க்காதவரும் என்று இன்னொரு பிரிவு உண்டு. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்கிறவருக்கு வெளிச்சம் முதுகில். வாத்தின் அலகு நிறம் வரை தெரியும். மேற்குக் கரையில் நிற்கிறவருக்கு ஏரி முழுக்கக் கறுப்பு வாத்து. மூக்கனேரியில் இதோடு இன்னொரு சிக்கல். 2010-ல் சேலம் மக்கள் குழு ஏரியைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கொண்டே நீருக்குள் தீவுத் திட்டுகள் அமைத்து மரம் நட்டது. பறவைகளுக்கு அது பெரும் உபகாரம், எண்ணுநருக்கு உபத்திரவம். திட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குழு எண்ணிய நீர்க்காகங்கள் மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அங்கே நிற்கும் குழுவிடமும் தலைக்கணக்குக் கொடுத்துவிட்டு வரும்.

வகைகளில் எதிலும் சேராமல் நூலாசிரியரைத் திணறடிப்பவர் ஒருவர். லாரி டியூபில் உட்கார்ந்து வலை எடுக்கிறவர். பெயர்ப் பதிவில்லை, செயலியில்லை, பைனாகுலரில்லை. நாமக்கல் பக்கத்து ஏரியொன்றில் விடியலில் ஒரு கல்லூரிக் குழு தண்ணீரைத் துழாவிப் பார்த்துவிட்டு, 'வாத்தே இல்லை' என்று எழுதப் போனது. அவர் டியூபைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே கேட்டார்:

'ஏனுங், அதுக்குள்ள கெளம்பறீங்களா? ராத்திரி வயலுக்கு மேயப் போனதுங்க இன்னும் திரும்பலைங்க. செத்த நில்லுங்க, இப்ப எறங்கும்.'

நின்றார்கள். தென்னந்தோப்புக்கு மேலாக முதலில் ஏழெட்டு வந்தது. பிறகு சடசடவென்று ஒரு பெருங்கூட்டம். அத்தனையும் நீலச்சிறகி. பகலில் நீரில் ஓய்ந்திருந்து இரவில் வயலில் மேய்வது அந்த வாத்தின் வழக்கம். பத்தடுக்கரான ஒரு மாணவி இருநூற்றுப் பத்து வரை எண்ணினாள். ஈபேர்டில் கவனிப்பாளர் கட்டத்தில் பட்டியலை ஏற்றும் கணக்கின் பெயர்தான் விழும்; அதில் குழுத்தலைவரின் பெயர் ஏறியது. முறைப்படி அது சரிதான். இருந்தாலும் இந்த வகைக்கு நூல் பெயர் வைக்காமல் விட்டிருப்பது அந்தக் கட்டத்தின் மேலுள்ள கோபத்தால்.

கரைக்கே வராத வகையும் ஒன்றுண்டு: சரிபார்ப்பர். வேறெங்கோ உட்கார்ந்து, இந்த இடத்தில், இந்த மாதத்தில், இவ்வளவு எண்ணிக்கை வழக்கமா என்று பார்ப்பவர். வழக்கத்தை மீறினால் பணிவாக ஒரு கடிதம் வரும். அதைத் தோராயர் அவமானமாக எடுத்துக்கொள்வார். படத்தர் பதினெட்டுப் படங்களை அனுப்புவார். பள்ளிப் பிள்ளைகள், 'மூக்குக்கு மேல நெத்தியில வெள்ளையா இருந்துச்சு, அதனால நாமக்கோழி' என்று ஒரே வரியில் எழுதுவார்கள். அந்த ஒரு வரி போதும்.

எல்லா இலக்கணத்துக்கும் கடைசியில் ஒரு புறனடை வேண்டும். நாமக்கல்லில் அது கோழி. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை போகும் மாவட்டத்தில் எண்ணிக்கையில் முதலிடம் பெறும் பறவை எது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கூண்டுப் பறவையை எழுதக்கூடாது என்பது விதி. ஆகவே இம்மாவட்டத்தின் எந்தப் பட்டியலிலும் பண்ணைக் கோழிக்கு இடமில்லை. சிக்கல், கூண்டிலிருந்து தப்பியது கரையில் மேயும்போது வருகிறது. மனிதர் தயவில்லாமல் தானாகப் பிழைத்தால் எழுதலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. கரையில் மேய்வதாலேயே தானாகப் பிழைப்பதாகாது, அது யாரோ ஒரு அக்காவின் கோழியாகவும் இருக்கலாம் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒப்புக்கொண்ட சோதனை ஒன்றே: பொழுது சாயும்போது கோழி மரமேறுகிறதா, கூடைக்குள் போகிறதா என்று பார்ப்பது. அதற்கு யாராவது சாயங்காலம் வரை கரையில் உட்கார வேண்டும். சர்வே காலை ஒன்பதுக்கே முடிந்துவிடுகிறது, சான்றிதழும் அப்போதே கொடுத்துவிடுகிறார்கள்.