செம்புள்ளி அண்ணன்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கத்துத் தோல் ஊர்களில் செம்புள்ளி அண்ணன் ஒருவராவது இருப்பார். வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவர். ஞாயிறு காலையில் மொட்டைமாடி கமாண்டோ. கையில் இருப்பது உரிமம் இல்லாமல் வாங்கிய 0.177 காற்றுத் துப்பாக்கிதான். அவர் வாயில் அது 'கார்பைன்'. எதிரி, பத்து மீட்டர் தள்ளிக் கைப்பிடிச் சுவரில் நிற்கும் காலி டப்பா. எதிரிக்கு இதுவரை பெரிய சேதமில்லை, ஏனென்றால் அண்ணன் சுடுவதைவிடப் பொருத்துவதே அதிகம். துப்பாக்கியின் முதுகில் இருப்பது 11 மி.மீ. பள்ளம், ஆசையாக வாங்கிய ரெட் டாட் குறிகாட்டியோ 21 மி.மீ. ரயிலுக்குச் செய்தது. நடுவே ஒரு அடாப்டர், உயரம் போதாமல் அதன்மேல் இன்னொன்று. ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் ஒருமுறை, முன்னால் ஒருமுறை உதறும்; கோபுரம் நகரும். அண்ணன் ஆலன் கீயை எடுப்பார். ஞாயிறு முடிந்துவிடும்.

அவர்மேல் உள்ள புகார் ஒன்றுதான்: காசையெல்லாம் விளக்கில் போட்டுவிட்டு, தோளில் அணைக்கும் பின்கட்டையை மறந்துவிட்டார். ரெட் டாட்டின் வேலை, ஒரு சிறு ஒளியைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பவைத்து, வெகுதூரத்தில் மிதக்கும் புள்ளியாகக் காட்டுவது. 1900-இல் அயர்லாந்தின் ஹோவர்ட் கிரப் கண்ட யோசனை. 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் அதை மின்புள்ளியாக்கி விற்றது. 4 எம்.ஓ.ஏ. (கோண நிமிட) அளவுள்ள புள்ளி பத்து மீட்டரில் சுமார் 12 மி.மீ. அகலத்தை மறைக்கும். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான வட்டமோ 0.5 மி.மீ.தான். அங்கே ரெட் டாட்டுக்கு அனுமதியே கிடையாது. சிறு துளை வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கன்னம் பதியும் உயரம், தோள்தட்டின் நீளம், சாய்வு எல்லாவற்றையும் அவரவர் உடம்புக்குத் திருகி வைத்திருக்கிறார்கள். உலகத்தின் மிகச் சிறந்த குறிகாரர்கள் கட்டையில் காட்டும் கவனத்தை அண்ணன் பேட்டரியில் காட்டுகிறார்.

அண்ணனிடம் பதில் தயார். "கண்ணு எங்க இருந்தாலும் புள்ளி நவுராது, கட்டை எதுக்கு?" தொலைவுக்கு அது சரி. தொலைவுக்கு அமைத்த புள்ளியில் கண் ஒரு சென்டிமீட்டர் விலகினால் குண்டும் அவ்வளவுதான் விலகும். நூறு மீட்டரில் அது தூசு, காசளவு இலக்கைப் பத்து மீட்டரில் சுடுகிறவருக்கு அதுவே தோல்வி. "திருச்சி ஃபேக்டரியிலயே கார்பைன் செய்யறாங்க, மிலிட்டரிக்காரன் புள்ளி வைக்கலியா?" வைக்கிறான். இரண்டு கண்ணும் திறந்தபடி, நகரும் ஆள்மேல் நொடியில் குறிவைக்க வேண்டியவன் அவன். டப்பா நகர்வதில்லை, திருப்பிச் சுடுவதுமில்லை. "காசு என்னுது, உனக்கென்ன?" இது ஒன்றுக்குத்தான் மறுமொழி கிடையாது.

வேறு ஊர்க்காரர் என்றால் மன்னிக்கலாம். லாஸ்ட் எனும் காலச்சு சரியில்லாத ஷூவில் எத்தனை பளபளப்பான பக்கிள் வைத்தாலும் கால் கடிக்கும் என்று சொல்லி, பெட்டி பெட்டியாக ரிஜெக்ட் செய்கிறவரே இவர்தானே! துப்பாக்கிக்கு அந்த லாஸ்ட் பின்கட்டைதான். நீளம் அதிகமென்றால் தச்சர் அரை அங்குலம் அறுத்துத் தருவார். கன்னம் தாழ்ந்தால் வெட்டித் தள்ளிய தோல் துண்டை இரண்டடுக்கு ஒட்டினால் போதும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா? மொத்தச் செலவு ஒரு பிரியாணியைத் தாண்டாது. இருந்தும் அவர் செய்யமாட்டார். மாடியேறி வரும் நண்பருக்குச் சிவப்புப் புள்ளி தெரியும், அறுத்த அரை அங்குலம் தெரியாது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி இது: கட்டை சரியாகிவிட்டால் பொருத்த ஒன்றும் மிஞ்சாது, சுட்டே ஆக வேண்டும். அப்போது குறி தப்பினால் பழிபோட ஒரு திருகுகூட இருக்காது.