ஆயில் வைத்தியர்

ஜவ்வாதுமலையில் புளியோ சாமையோ ஏற்றிய பழைய லாரி ஒன்று பானெட்டைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் நின்றால் போதும், ஆயில் வைத்தியர் வந்துவிடுவார். ஆள் அனுப்ப வேண்டியதில்லை. டிப்ஸ்டிக்கை உருவுவார். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார், முகர்வார், கண்ணை மூடுவார். நாடி பார்க்கிறவர் எதிரே நோயாளி வீட்டார் நிற்பதுபோல டிரைவரும் கிளீனரும் வாய்பொத்தி நிற்பார்கள். ஆயில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "தண்ணி மாதிரி கீது தம்பி. இத ஊத்துனா இன்ஜின் எப்பிடித் தாங்கும்?" இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியோடு ஒரு தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அங்கே பல இரவுக் கணக்கு தேவைப்படும். வைத்தியருக்கு இரண்டு விரலும் ஒரு மூக்கும் போதும்.

இவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. அவர் சொல்வதில் பொய் எதுவும் கிடையாது. எல்லாம் தேதி முடிந்த உண்மை. டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் கைகோத்து லாரி செய்யத் தொடங்கியது 1954-ல். அந்த உறவு 1969-ல் முடிந்தும் 'பென்ஸ் லாரி' என்ற பெயர் மட்டும் நம் ஊர்களில் ஓய்வு பெறவில்லை. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டாக மாறியது 1955-ல். அங்கிருந்து காமெட் லாரிகள் புறப்பட்டன. அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு ஒற்றை கிரேடு ஆயில்தான் வழக்கம்: 30 அல்லது 40. கையில் கெட்டியாக இருந்த ஆயில் இன்ஜின் சூட்டிலும் கெட்டியாக நின்றது. ஆகவே விரலை நம்பியதில் தப்பில்லை. ஆயில் மாறியது, விரல் மாறவில்லை.

இன்று கேனில் 15டபிள்யூ-40 என்று போட்டிருப்பதில் முதல் எண் குளிரில் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தையும், இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. ஒற்றை 40-ம் 15டபிள்யூ-40-ம் அந்தச் சூட்டில் ஒரே வரம்புக்குள் வந்து நிற்கும். காலைக் குளிரில் மட்டும் பின்னது இளகலாக இருந்து, ஸ்டார்ட் செய்தவுடன் பேரிங்குகளுக்கு விரைந்து போய்ச் சேரும். ஆக, வைத்தியர் குற்றமாகக் கண்டுபிடித்த 'தண்ணி' குணம்தான் அந்த ஆயிலின் சிறப்பு. அதே சமயம், முதல் எண் 15-ஆ 20-ஆ என்று டீக்கடையில் பெஞ்சு உடையும் அளவுக்குச் சண்டை போடவும் தேவையில்லை. 15டபிள்யூவின் குளிர்ச் சோதனையை மைனஸ் 20 டிகிரியில் செய்கிறார்கள், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15-ல். ஜமுனாமரத்தூர் மார்கழிக்குக் கம்பளி வேண்டும்தான். அதற்காக அது சைபீரியா ஆகிவிடாது.

அடுத்த தீர்ப்பு: "ஊத்துன வாரத்துல கறுத்துப்போச்சு, டூப்ளிகேட்டு." அழுக்கைக் கழுவும் மருந்து சேராத ஆயில் நெடுநாள் நிறம் மாறாமல் இருந்தது வாஸ்தவம். அழுக்கெல்லாம் பிஸ்டனிலும் சம்பின் அடியிலும் படிந்துகொண்டிருந்ததால் வந்த அழகு அது. 1930-களில் கேட்டர்பில்லர் டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் ரிங்குகள் கரியால் ஒட்டிக்கொண்ட பிறகுதான் கழுவும் மருந்து கலந்த ஆயில் சந்தைக்கு வந்தது. அது கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமந்து திரிகிறது. டீசல் இன்ஜினில் கறுப்பதுதான் அதன் உத்தியோகம். "சீக்கிரம் சீக்கிரம் மாத்து" என்ற அவருடைய பழைய விதிக்கும் காரணம் இருந்தது. 1990-களின் நடுப்பகுதிவரை நம் டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை இருக்க அனுமதி இருந்தது. எரிந்த கந்தகம் அமிலமாகி ஆயிலின் காரச் சக்தியைத் தின்றுவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 எரிபொருள் வந்தபின் வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இந்தச் செய்தி மட்டும் இன்னும் மலை ஏறவில்லை.

"எல்லாம் சரி, அவர் சொன்னதைக் கேட்ட லாரி இன்னும் ஓடுகிறதே?" என்று கேட்கலாம். ஓடுகிறதுதான். நிதானமாகச் சுழலும் அந்தக் கால இன்ஜின் நிறையப் பிழைகளை மன்னிக்கும். அதைவிட முக்கியமாக, வைத்தியர் தினமும் டிப்ஸ்டிக்கை உருவுகிறார். அவர் தேர்ந்தெடுத்த ஆயில் வண்டியைக் காப்பாற்றவில்லை. அளவு குறைவதைக் கண்டுபிடிக்கும் அந்தப் பழக்கம் காப்பாற்றியது. "தேய்ந்த இன்ஜினில் பிரஷர் விழுகிறது, 50 ஊற்றினால் நிற்கிறதே?" என்பது இரண்டாவது கேள்வி. நிற்கும். செகண்ட் கியரில் முழுப் பாரத்தோடு ஏற்றம் ஏறுகிற வண்டிக்கு 20டபிள்யூ-50 நல்ல துணைதான். ஆனால் தேய்ந்த பேரிங்கை அது வளர்த்துக் கொடுக்காது. "புது ஆயில் ஊற்றினால் கசிகிறது" என்பதும் பெரும்பாலும் வழக்கு மாற்றிப் போட்ட கதை. சீல் எப்போதோ போய்விட்டது. அதை அடைத்துக்கொண்டிருந்த பழைய கசடு இப்போது கழுவப்பட்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் அவர் பக்கம் தீர்ப்பு எழுதியே ஆகவேண்டும். "புதுசு எல்லாம் நம்ம வண்டிக்கு இல்ல" என்கிறாரே, அது சரி. 2006 முதல் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரங்களில் சி.ஜே-4 போன்றவை புகைபோக்கியில் வடிகட்டி வைத்த வண்டிகளை மனத்தில் கொண்டு வந்தவை, எஃப்.ஏ-4 பழைய இன்ஜின்களுக்கே ஆகாது. பென்ஸ் லாரியின் புகைபோக்கியில் வடிகட்டி ஏது? எனவே பழைய லாரிக்காரர் வாங்க வேண்டியது, நம்பகமான கடையில், சி.ஹெச்-4 அல்லது சி.ஐ-4 என்று போட்ட 15டபிள்யூ-40 மினரல் ஆயில். இன்ஜின் தேய்ந்திருந்தால் 20டபிள்யூ-50. சர்வோவா காஸ்ட்ராலா என்பது கட்சிப் பற்று, விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். ஏற்றத்தில் நிற்கும் வண்டியின் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். கூடவே வைத்தியருக்கு ஒரு டீ சொல்லுங்கள். என்ன ஆயில் என்று அவரைக் கேட்காதீர்கள். எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.