இடைவெளி 12 பிக்சல்

அவன் திரையில் எப்போதும் நான்கு விண்டோக்கள் திறந்திருக்கும். ஒன்றில் நியோஃபெட்ச் வரைந்த ஆர்ச் லினக்ஸ் முத்திரை. ஒன்றில் பாட்டுக்குத் தகுந்தபடி குதிக்கும் பட்டைகள். மூன்றாவதில் பச்சை எழுத்துகள் மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். நான்காவதில் ஐ3 என்கிற டைலிங் விண்டோ மேனேஜரின் கான்ஃபிக் கோப்பு. வேலை என்று ஏதாவது நடந்தால் அந்த நான்காவதில்தான் நடக்கும். அதுவும் மற்ற மூன்றையும் அழகுபடுத்துகிற வேலை.

உங்கள் வீட்டிலும் ஒருவன் இருப்பான். எங்களுக்குச் சித்தப்பா வீட்டில் வாய்த்திருக்கிறான்.

லினக்சுக்குப் புதியவன். அதனால்தான் இவ்வளவு பேச்சு. காலங்காலமாக சர்வர் பார்க்கிறவர்கள், க்னோமோ கேடிஈயோ, நிறுவும்போது எது வந்ததோ அதிலேயே உட்கார்ந்து, வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவனுக்கு உபுண்டுவில் வந்த க்னோம் "ரொம்ப வெயிட்டு". கேடிஈயில் "செட்டிங்ஸ் ஜாஸ்தி". எக்ஸ்எஃப்சிஈ "தாத்தா காலத்து லுக்கு". சினமன் "விண்டோஸ் மாதிரியே இருக்கு". இவன் அகராதியில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. அப்புறம் யாரோ ஒருவர் மவுஸைத் தொடாமல் கீபோர்டாலேயே திரையைப் பாதி பாதியாக வகுந்து காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டான். வந்தது வினை.

"இன்னுமாண்ணா மவுஸைத் தொடுறீங்க?" என்று கேட்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் பீடி பற்றவைப்பவனைப் பார்க்கிற பார்வை.

டைலிங் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறான். ஒரு விண்டோ திறந்தால் திரை முழுக்க அதற்கு. இரண்டாவது வந்தால் ஆளுக்குப் பாதி. ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. "ஸ்க்ரீன்ல ஒரு பிக்சல்கூட வேஸ்ட் ஆகாதுண்ணா" என்றான். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. 1985இல் வந்த விண்டோஸ் 1.0விலும் இதே ஏற்பாடுதான், விண்டோக்களை ஒன்றின்மேல் ஒன்று போட 1987இல் 2.0 வரவேண்டியிருந்தது என்று சும்மா சொல்லிவைத்தேன். அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

ஒரு பிக்சல்கூட வீணாகக்கூடாது என்ற அதே வாய்தான் அடுத்த வாரம் கேட்டது: "அண்ணா, விண்டோவுக்கு நடுவுல கேப் பத்து வைக்கவா, பன்னெண்டு வைக்கவா?"

எதற்கு இடைவெளி? பின்னாலிருக்கும் வால்பேப்பர் தெரியவேண்டுமாம். ஐ3யில் நெடுநாள் இந்த வசதி இல்லை. வேண்டும் என்றவர்கள் ஐ3-கேப்ஸ் என்று ஒரு கிளையைத் தனியாக வைத்திருந்தார்கள். 2023இல் 4.22 பதிப்பில் மூலத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இது சேராத காலத்தில் லினக்சுக்கு வந்திருந்தால் இவன் என்ன செய்திருப்பான் என்று யோசித்ததுண்டு. படித்திருப்பான்.

கான்ஃபிக்கில் எண்ணை மாற்றுவான், சூப்பர், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துவான், திரை ஒரு கணம் சிமிட்டும். "இப்ப பாருங்க." பார்ப்பேன். "இப்ப?" அதையும் பார்ப்பேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிறதாம், பதினைந்து வைத்தால் விண்டோக்கள் ஒன்றையொன்று தெரியாத மாதிரி நிற்கிறதாம். உள் இடைவெளி, வெளி இடைவெளி என்று இரண்டு உண்டு. வெளிக்கணக்கு உள்கணக்கின்மேல் கூடும். ஓரத்தில் மட்டும் ஏன் அகலமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று. ஒரே ஒரு விண்டோ இருந்தால் இடைவெளி வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். அதற்கும் கான்ஃபிக்கில் ஒரு வரி இருக்கிறது, நாசமாய்ப் போக.

இடைவெளி முடிந்தால் பிக்காம் என்றொரு செயலியைப் போட்டு டெர்மினலைக் கண்ணாடியாக்குவான். பின்னாலிருக்கும் பனிமலை தெரியும். பனி வெள்ளை, எழுத்தும் வெள்ளை. எதையும் படிக்க முடியாது. உடனே வால்பேப்பரை மாற்றவேண்டும். புது வால்பேப்பருக்கு க்ரூவ்பாக்ஸ் நிறங்கள் ஒட்டாது, நார்டுக்குப் போகவேண்டும். நார்டு போட்டால் மேலே இருக்கும் பட்டை எடுப்பாகத் தெரியாது. பட்டையை அகலமாக்கினால்? கேப் பன்னிரண்டு சரியாக வராது. ஆகவே, அண்ணா, பத்தா?

நடுவில் டிடபிள்யூஎம் என்ற இன்னொரு விண்டோ மேனேஜருக்கு ஒரு நடை போய்வந்தான். அதில் நிறத்தை மாற்றவேண்டுமென்றால் சி மொழிக் கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்யவேண்டும். இவனுக்கு சி தெரியாது. ஹெட்செட் மாட்டினால் சத்தம் கூட்ட முடியாததும், காலேஜில் ப்ரொஜெக்டர் வயரைச் செருகிவிட்டு வகுப்பே காத்திருக்க கட்டளை தேடியதும் சில்லறைக் கதைகள்.

பெரியப்பா விஷயம் சில்லறை இல்லை.

பெரியப்பாவின் பழைய லேப்டாப் விண்டோஸில் திணறியது. லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தால் முடிந்தது: கீழே மெனு, மேசையில் ஐகான், மூலையில் வைஃபை. இந்த மகான் ஐ3 போட்டான். "ரேம் கம்மியா எடுக்கும் பெரியப்பா."

முதல் தடவை திறந்ததும் அது ஆங்கிலத்தில் கேட்டது: கான்ஃபிக் உருவாக்கவா, வின் கீயா ஆல்ட் கீயா? பெரியப்பா எதையோ அழுத்தினார். கறுப்புத் திரை. அடியில் ஒல்லியாக ஒரு பட்டை. வேறொன்றும் இல்லை. "ஆன் ஆகலையே தம்பி" என்றார். "ஆன் ஆயிருச்சு பெரியப்பா, இதுதான் அது."

ஒரு தாளில் கட்டளைகளை எழுதி மூடியில் ஒட்டிக்கொடுத்தான். பெரியப்பா கைதவறி வின் கீயையும் எண் 2ஐயும் சேர்த்து அழுத்திவிட்டார். திறந்து வைத்திருந்த பென்ஷன் பிடிஎஃப் மறைந்துவிட்டது. அது முதலாம் வொர்க்ஸ்பேஸில் பத்திரமாகத்தான் இருந்தது, அவருக்கு அழிந்துவிட்டது. மறுபடி டவுன்லோடு செய்தார். ஐ3 மிச்சம் பிடித்துக் கொடுத்த ரேமை ஃபயர்ஃபாக்ஸ் சில டேப்களில் தின்று தீர்த்தது.

அவருக்கு அதில் ஆகவேண்டியது ஒன்றே ஒன்று, தமிழில் கடிதம் அடிப்பது. பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதுகிறவர். சினமனிலோ க்னோமிலோ செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்துவிட்டால் போதும். இங்கே ஐபஸ், எஃப்சிடிஎக்ஸ் மாதிரி ஓர் உள்ளீட்டுக் கருவியை நாமே நிறுவி, நாமே தொடங்கிவைத்து, சில வரிகள் எழுதி அதைச் செயலிகளுக்கும் தெரிவிக்கவேண்டும். இவனுக்கு அது தெரியவில்லை. "இங்கிலீஷ்லயே அடிங்களேன் பெரியப்பா" என்றான். இதில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. உன் கம்ப்யூட்டரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அடுத்தவருடையதில் அவர் கேட்டதைப் போட்டுக்கொடு.

ஆனால் ஒன்று, பயல் ஓடி ஒளியவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து மேனுவலைப் பக்கம் பக்கமாகப் படித்துத் தமிழை வரவழைத்துவிட்டுத்தான் சாப்பிட்டான். இவன் வயதுப் பிள்ளைகள் பலருக்கு டவுன்லோடு செய்த கோப்பு எங்கே போகிறது என்று தெரியாது. இவனுக்கு எந்தச் செயலி எந்த ஃபோல்டரில் எதை எழுதிவைக்கும் என்று அத்துப்படி. தன் கான்ஃபிக் கோப்புகளையெல்லாம் ஒழுங்காக கிட்டில் ஏற்றி வைத்திருக்கிறான். வரலாற்றைத் திறந்து பார்த்தேன். "கேப் 12." "கேப் 10." "மறுபடியும் 12." "இதுதான் ஃபைனல்." "கேப் 11."

இப்போது ஐ3யை விட்டு ஹைப்பர்லேண்டுக்குக் குடிபோயிருக்கிறான். அதில் விண்டோக்கள் வழுக்கிக்கொண்டு வரும், மூலைகளை வளைக்கலாம். எத்தனை பிக்சல் வளைவு என்பதில் பேச்சுவார்த்தை நடக்கிறது. பெரியப்பாவின் லேப்டாப்பில் நான் மின்ட் போட்டுவிட்டேன். அவன் வருகிற ஞாயிறுகளில் அதை அலமாரியில் வைத்துவிட்டு, கேட்டால் "ரிப்பேர்" என்கிறார்.

"ரிப்பேரா? கொண்டாங்க பெரியப்பா, பார்த்துருவோம்."