இருக்கிற வயரே போதும்

வ. புதுப்பட்டியில் தொடங்கி ராஜபாளையம் வரை எந்தச் சிசிடிவி கேமராக் கடையில் விசாரித்தாலும் இவரைத் தெரியும் என்பார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். "அந்த வயர் அண்ணாச்சியா?" என்று ஒரு பெருமூச்சு மட்டும் வரும். தெருவுக்கு ஒருவர் இருப்பதால் பெயருக்கு அவசியமும் இல்லை. கேமராவுக்குக் காசு கொடுப்பார், படம் பதிகிற டிவிஆருக்குக் கொடுப்பார். வயருக்கு மட்டும் கொடுக்க மாட்டார்.

அண்ணாச்சி வீட்டுச் சுவரைப் பார்த்தாலே குடும்ப வரலாறு தெரிந்துவிடும். லேண்ட்லைன் போன் செத்துப் பல வருஷம் ஆகியும் அதன் வயர் ஆணியில் தொங்குகிறது. 2011க்குப் பிறகு வந்த அரசு கேபிள் வயர் கொல்லைப்புறம் வழியாகத் தொழுவம் வரை ஓடுகிறது. மாடிப்படி ஓரம் டிஷ் வயர். ஊரடங்கில் மகன் இழுத்த இன்டர்நெட் வயர் ஜன்னல் கம்பியைச் சுற்றியிருக்கிறது. "கழட்டிரலாமா?" என்று கேட்டால், "கிடந்தா என்ன, சோறா கேக்குது?" என்பார்.

அவர் அப்பா காலத்தில் அந்த வீட்டுக்கு ராஜபாளையம் நாய்தான் காவல். 2005இல் தபால்தலையிலேயே ஏறிய சாதி அது. வயர் கேட்காத ஒரே பாதுகாப்புச் சாதனம். ஆனால் சோறு கேட்கும். கணக்குப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கேமராவுக்கு மாறினார்.

நாலு கேமரா போட்டாயிற்று. தள்ளுபடியில் கிடைத்ததென்று எட்டு சேனல் டிவிஆர் வாங்கியதில்தான் வினை தொடங்கியது. திரையில் நாலு கட்டத்தில் படம், நாலு கட்டம் கறுப்பு. காசு கொடுத்து வாங்கிய கட்டங்கள் சும்மா கிடப்பதைப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. வெளியே சொன்ன காரணம் வேறு: மலையடிவாரத் தோப்பு, காட்டுப்பன்றி வரும், யானை வரும், தேங்காய்க்கு ரெண்டு கால் பிராணியும் வரும், அதனால் தொழுவத்துப் பக்கம் ஒரு கேமரா.

வத்திராயிருப்பிலிருந்து கேமரா மாட்டும் பையன் வந்தான். புது வயர்ச் சுருளைப் பையிலிருந்து எடுப்பதற்குள் அண்ணாச்சி மறித்தார்.

"தம்பி, தொழுவம் வரைக்கும் பழைய கேபிள் டிவி வயர் கிடக்கு. அதுலயே மாட்டி விட்டுரு."

"அது டிவி வயரு அண்ணாச்சி."

"கேமராவுல எடுக்கிறதும் டிவியிலதான தெரியுது?"

பையன் வாயடைத்துப் போனான். இந்த ரக மனிதர்களிடம் நமக்கு வரும் எரிச்சலே, பாதி நேரம் அவர்கள் சொல்வது சரியாக இருந்து தொலைப்பதுதான். கேபிள் டிவிக்கு வந்த ஆர்ஜி-6 வயரும் கேமராவுக்கு இழுக்கும் ஆர்ஜி-59 வயரும் 75 ஓம் ரகம். கோஆக்சியல் வயரில் ஓடுகிற இன்றைய எச்டி கேமரா, வயர் பழுதில்லாமல் இருந்தால் அதிலும் ஓடும். முனையைச் சீவி, பிஎன்சி கனெக்டர் மாட்டியதும் தொழுவத்து மாடு பளிச்சென்று திரையில் வந்து நின்றது. அண்ணாச்சி பார்த்த பார்வையில் பையன் படித்த ஐடிஐயே கரைந்துபோயிருக்கும்.

வெற்றி தலைக்கேறியது. "இதே வயருல ஒரு டி போட்டு மோட்டார் ரூமுக்கும் ஒண்ணு மாட்டு" என்றார். டிவி என்பது ஒரு படம் பல வீட்டுக்குப் போகிற கதை, போகும்போது பிரிக்கலாம். கேமராவோ பல இடத்துப் படம் ஓரிடத்துக்கு வருகிற கதை. டி போட்டுச் சேர்த்தால் மாடும் மோட்டாரும் ஒன்றோடொன்று கலங்கித் திரையில் எதுவும் உருப்படியாகத் தெரியாது. அதற்கென்று தனிக் கருவி உண்டு. விலையைக் கேட்டால் அண்ணாச்சியே புது வயர் போதும் என்பார்.

பையனும் படித்தவன், டி போடாமல் பேச்சை மாற்றினான். நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் 1966இல் வீட்டுக் காவல் கேமராவுக்குக் காப்புரிமை கேட்டு, 1969இல் வாங்கிய கதையைச் சொன்னான். கதவில் நாலு துளை, மேலும் கீழும் நகர்ந்து பார்க்க ஒரே கேமரா.

"நாலுக்கும் ஒண்ணா? பொழைக்கத் தெரிஞ்ச பொம்பள" என்றார் அண்ணாச்சி.

அடுத்தது கரண்ட். ஜன்னலில் கிடந்த இன்டர்நெட் வயரைத் தொழுவம் வரை இழுத்து, அதில் ஒரு ஜோடியைப் பிரித்து வீட்டிலிருந்தே 12 வோல்ட் அனுப்பச் சொன்னார். அனுப்பினான். பகலெல்லாம் படம் அருமை. பொழுது சாய்ந்து கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் படம் போனது, வந்தது, மறுபடி போனது. பகலில் கண்ணும் ராத்திரியில் குருடுமாக ஒரு காவல்காரன். கணக்கு எளிது: கேட்-5 எனப்படும் அந்த வயரில் ஒரு ஜோடி 60 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 10 ஓம் தடை. விளக்கோடு சேர்த்துக் கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் வழியிலேயே காலி. 12 கிளம்பி 7 போய்ச் சேர்ந்தால் கேமரா என்ன செய்யும்?

ஓமும் ஆம்பியரும் அண்ணாச்சியிடம் எடுபடவில்லை. பையன் வேறு வழியில் வந்தான்: "பிளவக்கல் அணையில தண்ணி திறந்தாலும் கடைமடைக்கு வர்றதுக்குள்ள வாய்க்காலே குடிச்சிருதுல்ல, அது மாதிரி அண்ணாச்சி." கடைமடை நிலத்துக்காரர் அவர். தண்ணீர் வரவில்லை என்று ஒவ்வொரு வருஷமும் மனுக் கொடுக்கிறவர். பட்டென்று பிடிபட்டது. 48 வோல்ட் அளவில் கரண்டை ஏற்றி, 100 மீட்டர் வரை படத்தையும் கரண்டையும் ஒரே வயரில் கொண்டுபோகும் பிஓஇ முறை 2003லேயே வந்துவிட்டதையும் சொன்னான். "அதுக்கு இந்தக் கேமரா ஆகுமா?" ஆகாது. பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியில் தொழுவத்திலேயே ஒரு அடாப்டர் மாட்டுவதென்று முடிவானது. சரியான வைத்தியம்தான். அங்கேயும் சுவிட்சுக்குத் தனி வயர் எதற்கென்று, எரிகிற குண்டு பல்பு பாயின்டிலிருந்தே எடுக்க வைத்தார். இப்போது பால் கறந்து முடித்து மதினி தொழுவத்து லைட்டை அணைத்தால் கேமராவும் அணைகிறது. "ராத்திரி பூரா லைட்ட எரியவிட்டா பில்லு யார் கட்டுறது?" என்கிறார் மதினி. கேட்க வேண்டிய கேள்விதான்.

உங்கள் வீட்டிலும் ஓர் அண்ணாச்சி இருப்பார். படத்துக்குப் பழைய வயரைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதில் அவரை ஜெயிக்க முடியாது. கரண்டுக்கு மட்டும் தனி சுவிட்ச் போட வையுங்கள். இருட்டிய பிறகு கடைசிக் கேமராவில் மீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மாட்டுகிற பையனுக்குக் கூலி கொடுங்கள். அவன் கூலியில் பேரம் பேசாதீர்கள். அதை அண்ணாச்சி ஏற்கெனவே பேசியிருப்பார்.