இன்ச் கணக்குக்காரர்

எடை மெஷினைக் கண்டால் ஒதுங்கிப் போவார். இன்ச் டேப்பைக் கண்டால் கையை விரித்து நிற்பார். ஸ்லிம்மிங் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களில், ஆணிலும் சரி பெண்ணிலும் சரி, இவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். வீட்டில் ஒரு கல்யாணம், பத்து நாளில் ரிசப்ஷன், போன வருஷம் தைத்த கோட்டில் பொத்தான் எட்டவில்லை. இந்த மூன்றும் கூடிய முகூர்த்தத்தில் அவர் 'பாடி ராப்' பேக்கேஜுக்குப் பணம் கட்டுகிறார். "வெயிட்டை விடுங்க சார், மொத்தம் அஞ்சு இன்ச் குறைஞ்சிருக்கு" என்று மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். கேலி செய்ய வசதியான ஆள்தான். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. டேப் நிஜமாகவே குறைத்துத்தான் காட்டியது. குறைந்தது என்ன என்று அவரும் கேட்கவில்லை, அளந்தவரும் சொல்லவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். களிமண்ணோ கடற்பாசிக் குழம்போ மூலிகைத் தைலமோ பூசி, மேலே எலாஸ்டிக் பேண்டேஜையோ பிளாஸ்டிக் தாளையோ கணுக்காலிலிருந்து மார்பு வரை இறுக்கிச் சுற்றி, சூடேறும் போர்வையால் மூடிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரால் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. போன் வந்தால் பணிப்பெண் காதருகே பிடிக்க, "மீட்டிங்ல இருக்கேன்" என்பார். அந்த நேரத்தில் உடம்பு செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று, வியர்ப்பது: ஒரு லிட்டர் வியர்வை போனால் ஒரு கிலோ போகும், வெளியே வந்து குடிக்கும் இளநீரோடு அதில் கால்வாசி திரும்பிவிடும். இன்னொன்று, அமுங்குவது. நாள் முழுக்க சாக்ஸ் போட்ட காலில் எலாஸ்டிக் தடம் பள்ளமாகத் தெரிகிறதே, அங்கே கொழுப்பு கரையவில்லை. தோலுக்கடியில் இருந்த நீர் பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. பேண்டேஜும் அதைத்தான் செய்கிறது, உடம்பு முழுக்க. நகர்ந்த நீர் சில மணி நேரத்தில் வீடு திரும்பும்.

அந்த ஐந்து இன்ச் வந்த வழியையும் பார்க்கவேண்டும். இரண்டு புஜம், இரண்டு தொடை, இரண்டு முழங்கால், இரண்டு கெண்டைக்கால், இடுப்பு, வயிறு என்று பத்து இடத்தில் அளந்து, ஒவ்வொன்றிலும் அரை இன்ச் குறைந்தால் கூட்டுத்தொகை ஐந்து. முதல் அளவின்போது வயிற்றைத் தளர விட்டிருந்தார்; இரண்டாவது அளவின்போது, பணம் கட்டியவரின் இயல்பான ஆர்வத்தில், மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். டெய்லரிடம் போய் இந்தக் கூட்டலைச் சொல்லிப் பார்க்கட்டும். கெண்டைக்காலில் குறைந்த அரை இன்ச்சைக் கோட்டின் பொத்தானுக்கு மாற்றித் தர எந்த டெய்லராலும் ஆகாது.

"சூட்டில் கொழுப்பு உருகாதா?" என்பார். உருகினால் எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான் கேள்வி. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்: உடம்பு 10 கிலோ கொழுப்பை எரித்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. கொழுப்பு முதலில் எரியவேண்டும். களிமண் உறிஞ்சி எடுக்கத் தோலில் அதற்கு வாசல் இல்லை. ஒரு கிலோவை எரிக்கச் சுமார் 7,700 கலோரி செலவாகவேண்டும், அதாவது ஏறக்குறைய 30 மணி நேர வேக நடை. போர்வைக்குள் சூட்டைத் தருவது மின்வாரியம். உடம்பு அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் வியர்க்கிறது. நச்சு வெளியேறுகிறது என்ற வாதமும் உண்டு. வியர்வை பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. நச்சு வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பேக்கேஜ் கேட்காமலே பார்த்துக்கொள்கின்றன.

விவரம் தெரிந்த கணக்குக்காரர் இன்னும் கெட்டியான கேள்வி ஒன்று வைத்திருப்பார்: யானைக்கால் வீக்கத்துக்கு டாக்டர்களே பேண்டேஜ் சுற்றச் சொல்கிறார்களே? சொல்கிறார்கள். அங்கே வீங்கியிருப்பது நிணநீர். நீரை அமுக்கி நகர்த்தப் பேண்டேஜ் நல்ல கருவி, அதனால்தான் கொழுப்புக்கு அது உதவாது. தடவிக் கரைக்கும் கிரீம்களின் கதையும் இதே. தவறாமல் தடவினால் உடம்பு இளைக்கும் என்று விளம்பரம் செய்த நிவியா கிரீமின் நிறுவனம், 2011-இல் அமெரிக்காவின் வணிக ஆணையத்துக்கு 9 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. நம் நாட்டிலும் 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் உடற்பருமன் இருக்கிறது. 'இன்ச்' அந்தப் பட்டியலில் இல்லை என்பதை விளம்பரம் எழுதுகிறவர்கள் கவனித்திருக்கலாம்.

"பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே? ஒரு மணி நேரம் நிம்மதியாகப் படுத்திருந்தேன்" என்பது அவருடைய கடைசிக் கோட்டை. நிம்மதிக்குப் பணம் கொடுத்தேன் என்றால் யாரும் குறை சொல்லமுடியாது. அது நேர்மையான வியாபாரம், தோலும் மினுமினுப்பாகிறது. ஆனால் கெடுதலே இல்லை என்று சொல்லமுடியாது. எடைப் பிரிவுக்குள் வருவதற்காகக் காற்றுப் புகாத உடையில் வியர்த்துத் தள்ளிய மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் இறந்துபோனார்கள். அவர்கள் அந்த உடையோடு கடுமையாகப் பயிற்சியும் செய்தார்கள், நம்மவர் படுத்துத்தான் இருக்கிறார், உண்மைதான். அவர்கள் இளம் விளையாட்டு வீரர்கள், நம்மவர் பிரஷர் மாத்திரை போடுகிறவர் என்பதும் உண்மைதான். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் சென்டரின் வரவேற்பு மேஜையில் ஒரு படிவம் நீட்டுகிறார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பம் இருந்தால் தெரிவிக்கவும் என்று அதில் இருக்கும். எறும்பு எழுத்தில் கடைசி வரியாக, உணவுக் கட்டுப்பாடும் தினசரி நடையும் சேர்ந்தால்தான் பலன் என்றும் இருக்கும். அந்த வரிக்குத் தனிக் கட்டணம் வைத்திருந்தால் ஒருவேளை படித்திருப்பார். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டு, அதே பேனாவால் அடுத்த புதன்கிழமைக்கும் பெயரை எழுதிக்கொள்கிறார்.